விளம்பரத் தடுப்பான் ஒன்று போதும், மூன்று வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரவுசரில் விளம்பரத் தொல்லையை ஒழிக்க மூன்று எக்ஸ்டென்ஷன்களை (பிரவுசரோடு சேர்க்கும் துணை நிரல்களை) நிறுவும்படியும், போதாதென்று விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் தடுக்க வேண்டிய தளப் பெயர்களின் ஒரு பெரிய பட்டியலை ஒட்டும்படியும் உங்கள் இணைப்பிதழின் கணினிப் பகுதியில் யோசனை சொல்லப்பட்டிருந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் நான்கு ஜிபி ரேமும் பழைய ஹார்டு டிஸ்கும் உள்ள வீட்டுக் கணினியில் இதை அப்படியே செய்தால் விளம்பரத்தோடு சேர்ந்து கணினியும் படுத்துவிடும். பிறகு "ஆட் பிளாக்கர் போட்டதிலிருந்துதான் ஸ்லோ" என்று சொல்லி எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். தடுப்பது கணினியை மெதுவாக்குவதில்லை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுதான் மெதுவாக்குகிறது. வீட்டுக் கணினிகளைப் பழுதுபார்ப்பவர்கள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறோம்.

ஒரு செய்திப் பக்கத்தில் நாம் பார்க்கும் விளம்பரம் பத்திரிகையில் அச்சான விளம்பரம் போல முன்பே விற்று முடிந்த இடம் அல்ல. பெரும்பாலான தளங்களில் பக்கம் திறக்கும் அந்த நொடியில்தான் ஏலம் நடக்கிறது. 'ஹெடர் பிட்டிங்' எனப்படும் முறையில் அந்த ஏலத்தை நடத்தும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் உங்கள் பிரவுசருக்குள்ளேயே ஓடுகிறது. ஏழெட்டு ஏலக் கம்பெனிகளுக்கு ஒரே சமயத்தில் ஆள் அனுப்பி, 'இவர் இன்ன ஊர்க்காரர், நேற்று இன்னது பார்த்தார், என்ன விலை தருகிறீர்கள்' என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, ஜெயித்தவருடைய படத்தை இறக்குகிறது. காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் போடுவது போலத்தான். வித்தியாசம் என்னவென்றால் இங்கே ஏலக் கொட்டகையும் உங்களுடையது, கரண்ட்டும் உங்களுடையது. செய்தி நாலு பத்திதான் இருக்கும், ஆனால் கணினியின் விசிறி கத்தும். காரணம் இதுதான்.

நல்ல தடுப்பான் அந்த நிரலைக் கேட்டுப் போகும் கோரிக்கையையே நிறுத்திவிடும். நிரல் வராததால் ஓடுவதற்கு ஒன்றும் இல்லை, ஏலமும் இல்லை. தடுப்பான் தனக்கென்று சில பத்து எம்பி ரேம் எடுத்துக்கொள்ளும்; விளம்பரம் நிறைந்த பக்கத்தில் அதைவிட அதிகமாகவே மிச்சம் பிடித்துக் கொடுக்கும். வந்து இறங்கிய விளம்பரத்தை மறைப்பது வேறு வேலை. அதற்குப் பக்கம் முழுவதையும் துழாவ வேண்டும், அதனால் செலவு கூடும். தடுப்பதும் மறைப்பதும் ஒன்றல்ல என்பதை மனதில் வைத்தால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

தடுப்பான் கணினியை மெதுவாக்கும் என்ற பேச்சு சும்மா வந்ததில்லை. 2014 மே மாதத்தில் மோசில்லாவின் பொறியாளர் நிக்கோலஸ் நெதர்கோட் அளந்து எழுதிய கணக்கின்படி, அன்றைய அட்பிளாக் பிளஸ் என்ற தடுப்பான் ஃபயர்பாக்ஸில் அடிப்படையாகவே 60 முதல் 70 எம்பி வரை எடுத்துக்கொண்டது. அதோடு, பக்கத்துக்குள் பொதிந்திருக்கும் ஒவ்வொரு குட்டிப் பக்கத்துக்கும் (ஐஃப்ரேம்) சுமார் 4 எம்பி கூடியது. மறைக்கும் விதிகளின் முழுப் பட்டியலும் ஒவ்வொரு ஐஃப்ரேமுக்குள்ளும் தனித்தனிப் பிரதியாகப் போய் உட்கார்ந்ததுதான் கோளாறு. அதற்கு அடுத்த மாதமே ரேமண்ட் ஹில் என்ற நிரலாளர் யூபிளாக் என்ற தடுப்பானை வெளியிட்டார். 2015 முதல் அவர் பராமரிப்பில் இருப்பது யூபிளாக் ஆரிஜின்.

அது இலேசாக இருப்பதற்குக் காரணம், அது விதிகளைத் தேடும் முறை. எதைத் தடுப்பது என்று சொல்லும் பட்டியல்களில் பல்லாயிரம் விதிகள் இருக்கின்றன. போகிற ஒவ்வொரு முகவரியையும் எல்லா விதிகளோடும் வரிசையாக ஒப்பிட்டால் எந்தக் கணினியும் திணறும். யூபிளாக் ஆரிஜின் ஒவ்வொரு விதியிலிருந்தும் ஒரு துண்டுச் சொல்லைப் பிரித்தெடுத்து அகராதி போல அடுக்கி வைக்கிறது. முகவரி வந்ததும் அதில் உள்ள சொற்களுக்கான இடத்தை மட்டும் புரட்டிப் பார்க்கிறது. 'யானை'க்குப் பொருள் தேட 'அ'விலிருந்து யாரும் படிப்பதில்லை அல்லவா?

இப்போது மூன்று எக்ஸ்டென்ஷன் கதைக்கு வருவோம். மூன்றும் பெரும்பாலும் ஈசிலிஸ்ட் என்ற ஒரே பட்டியலைத்தான் தனித்தனியாக இறக்கி, தனித்தனியாக ரேமில் வைத்திருக்கும். ஒவ்வொரு கோரிக்கையும் மூன்று மேசையில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வெளியே போக முடியும். அதைவிடப் பெரிய சிக்கல், அவை ஒன்றின் வேலையை ஒன்று கெடுப்பது. சில தளங்கள் விளம்பர நிரல் வந்து சேர்ந்ததா என்று சோதிக்கும். யூபிளாக் ஆரிஜின் அந்த இடத்தில் ஒன்றும் செய்யாத ஒரு பொம்மை நிரலைக் கொடுத்துத் தளத்தைச் சமாதானப்படுத்தும். பக்கத்திலேயே இன்னொரு தடுப்பான் இருந்தால் அது குறுக்கே விழுந்து ஒட்டுமொத்தமாக மறித்துவிடும். உடனே 'ஆட் பிளாக்கரை நிறுத்தினால்தான் படிக்கலாம்' என்ற பெட்டி வந்து நிற்கும். பயந்துபோய் நான்காவது எக்ஸ்டென்ஷனைத் தேடுவார்கள்.

எனவே ஒன்று மட்டும் போதும். எது என்பது பிரவுசரைப் பொறுத்தது.

ஃபயர்பாக்ஸ் என்றால் யூபிளாக் ஆரிஜின். மோசில்லாவின் ஆட்-ஆன்ஸ் தளத்தில் பெயரோடு ரேமண்ட் ஹில் என்ற ஆசிரியர் பெயரையும் சரிபார்த்து நிறுவுங்கள். பிரவுசரை மூடித் திறக்கும்போது, தடுப்பான் தயாராகும் வரை ஃபயர்பாக்ஸ் கோரிக்கைகளை நிறுத்தி வைக்கும். அதனால் முந்தைய டேப்கள் திரும்ப ஏறும் அந்த முதல் சில நொடிகளிலும் விளம்பரம் நுழையாது. இன்னொரு அனுகூலமும் உண்டு. நம்மைப் பின்தொடர்ந்து தகவல் சேர்க்கும் சில டிராக்கர் கம்பெனிகள் தளத்தின் சொந்தத் துணைப்பெயருக்குப் பின்னால் ஒளிந்து வரும். வெளியே பார்த்தால் வீட்டு ஆள் போலத் தெரியும், தளப் பெயருக்கு முகவரி எண் சொல்லும் டிஎன்எஸ்ஸில் விசாரித்தால் வெளியூர்க்காரர். ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் அப்படி விசாரித்துப் பிடிக்கும். குரோமில் எக்ஸ்டென்ஷன்களுக்கு அந்த வசதியே கிடையாது.

நிறுவியபின் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கேடயப் படத்தை அழுத்தி, பல்சக்கரத்தைத் தொட்டால் டாஷ்போர்டு திறக்கும். அதில் 'ஃபில்டர் லிஸ்ட்ஸ்' பகுதிக்குப் போங்கள். முதலிலேயே டிக் ஆகியிருக்கும் பட்டியல்களை அப்படியே விடுங்கள். கீழே மொழி, நாடு வாரியாக இருக்கும் இடத்தில் 'இந்தியன்லிஸ்ட்' என்று ஒன்று இருக்கும். தமிழ் உட்பட நம் மொழித் தளங்களுக்கான விதிகள் அதில்தான் உள்ளன. பிரவுசரின் மொழி தமிழாக இருந்தால் அது தானே தேர்வாகும்; ஆங்கிலத்தில் வைத்திருப்பவர்களுக்கு ஆகாது. நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறோம், ஆகவே கையால் டிக் செய்ய வேண்டும். டிக் செய்துவிட்டு மேலே உள்ள 'அப்ளை சேஞ்சஸ்' பொத்தானை அழுத்த மறந்துவிடுவதுதான் வழக்கமான தவறு.

அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் எல்லாக் கட்டங்களையும் டிக் செய்யக் கை துறுதுறுக்கும். வேண்டாம். தமிழும் ஆங்கிலமும் படிப்பவருக்கு ரஷ்ய, சீனத் தளங்களின் பட்டியல் எதற்கு? ரேம் வீணாகும், நல்ல பக்கங்கள் உடையும் வாய்ப்பும் கூடும். குக்கீ அறிவிப்புப் பெட்டிகளை மறைக்கும் பட்டியல் வேண்டுமானால் ஒன்று சேர்க்கலாம். அது முன்பு சொன்ன மறைக்கும் வகை என்பதால், மிகப் பழைய கணினியில் அதையும் தவிர்ப்பது நல்லது. 'அப்டேட் நவ்' பொத்தானைத் தினமும் அழுத்தவும் தேவையில்லை. பட்டியல்கள் காலாவதியானதும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். ஒவ்வொரு புதுப்பிப்பிலும் விதிகளை மறுபடி தொகுக்க வேண்டியிருப்பதால் கணினி சற்று நேரம் மூச்சு வாங்கும். யூடியூபில் திடீரென்று விளம்பரம் வரத் தொடங்கினால் மட்டும் 'பர்ஜ் ஆல் கேஷஸ்', அதன் பிறகு 'அப்டேட் நவ்' என்ற வரிசையில் அழுத்துங்கள்.

செட்டிங்ஸ் பகுதியில் இரண்டு வசதிகள் மெதுவான இணைப்புக்கு உதவும். குறிப்பிட்ட கேபி அளவுக்கு மேற்பட்ட படம், வீடியோ போன்றவற்றை நிறுத்தி வைப்பது ஒன்று. வேண்டுமானால் அந்த இடத்தைத் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் கணினியை ஓட்டுபவர்களுக்கு இது வரப்பிரசாதம். இன்னொன்று வெளி எழுத்துருக்களைத் தடுப்பது. இதில் ஒரு கண்ணி உண்டு: பல தளங்களில் மெனு, தேடல் போன்ற சின்னங்கள் எழுத்துருவாகவே வருவதால் அவை வெறும் கட்டங்களாகிவிடும். யூனிகோடுக்கு மாறாத பழைய தமிழ்த் தளம் ஏதாவது தன் எழுத்துருவைத் தானே அனுப்பிக்கொண்டிருந்தால் அதன் பக்கம் முழுக்கக் கிறுக்கலாகத் தெரியும்.

ஃபயர்பாக்ஸின் சொந்த டிராக்கிங் தடுப்பை 'ஸ்டாண்டர்டு' நிலையிலேயே விடலாம் என்பது எங்கள் கருத்து. ஒரு தளத்தின் குக்கீயை இன்னொரு தளம் படிக்க முடியாதபடி தனித்தனி டப்பாவில் வைக்கும் முறை 2022 ஜூன் முதல் அந்த நிலையிலேயே உண்டு. 'ஸ்டிரிக்ட்' வைத்தாலும் வேகம் குறையாது. ஆனால் ஒரு பக்கம் உடைந்தால் பழுதைத் தேட இரண்டு இடமாகிவிடும்.

குரோமில் நிலைமை மாறிவிட்டது. மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய விதிமுறையைக் கொண்டுவந்த கூகுள், பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை 2024இல் முடக்கத் தொடங்கி 2025இல் முழுவதும் நிறுத்திவிட்டது. யூபிளாக் ஆரிஜினும் அதில் போயிற்று. குரோமிலேயே இருக்க விரும்புபவர்கள் அதே ஆசிரியரின் யூபிளாக் ஆரிஜின் லைட்டை நிறுவலாம். இதில் தடுக்கும் வேலையைப் பிரவுசரே செய்கிறது. எக்ஸ்டென்ஷன் விதிகளை எழுதிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விடும், பின்னணியில் ஓயாமல் ஓடாது. ரேம் குறைந்த கணினிக்கு இது உண்மையிலேயே நல்லது. அதற்கு விலையும் உண்டு: பட்டியல் புதிதாக வேண்டுமென்றால் எக்ஸ்டென்ஷனே புதுப்பிக்கப்படும்வரை காத்திருக்க வேண்டும். தந்திரமான தளங்கள் சில நாள் ஜெயிக்கும். இதில் பேசிக், ஆப்டிமல், கம்ப்ளீட் என்று நிலைகள் உள்ளன. ஆப்டிமல் போதும். கம்ப்ளீட் நிலை எல்லாத் தளங்களுக்குமான பொது மறைப்பு விதிகளையும் பக்கத்துக்குப் பக்கம் ஓட்டும், பழைய சிபியு அதைத் தாங்காது. இதோடு குரோமின் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் தேர்ட் பார்ட்டி குக்கீகளை (நீங்கள் பார்க்கும் தளம் அல்லாத மற்றவர்கள் வைப்பவை) நீங்களே 'பிளாக்' செய்ய வேண்டும். அவற்றைத் தானாக ஒழிக்கப்போவதாக 2020இல் அறிவித்த கூகுள் 2024இல் பின்வாங்கிவிட்டது.

பிரேவ் பிரவுசரில் தடுப்பான் உள்ளேயே கட்டப்பட்டிருப்பதால் எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆனால் நான்கு ஜிபி கணினியில் குரோமையும் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் பிரேவையும் ஓட்டினால் எந்தத் தடுப்பானும் காப்பாற்றாது. ஒரே பிரவுசர், ஒரே தடுப்பான்.

நிறுவும்போது பெயரில் ஏமாற வேண்டாம். 2018 ஏப்ரலில் குரோம் கடையில் போலித் தடுப்பான்கள் ஐந்து இருப்பதை அட்கார்ட் நிறுவனத்தின் ஆந்திரே மெஷ்கோவ் வெளிப்படுத்தினார். அவற்றை நிறுவியிருந்தவர்கள் 2 கோடிக்கும் மேல். 2020இல் நானோ ஆட்பிளாக்கர் கைமாறிய சில நாட்களிலேயே பயனர்களின் தகவலைத் திருடும் கருவியாயிற்று. 'ஆரிஜின்' என்ற சொல் இல்லாத வெறும் 'யூபிளாக்' இப்போது வேறொருவருடையது. அட்பிளாக் பிளஸ்ஸில் 2011 முதல் 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்று ஒரு வகையை அனுமதிக்கும் ஏற்பாடு உண்டு. நிறுவியதும் அது தானாகவே இயங்கும், செட்டிங்ஸில் போய் நீங்கள்தான் நிறுத்த வேண்டும். அதை வைத்திருப்பவர்கள் 'இன்னும் விளம்பரம் வருகிறதே' என்று இன்னொன்றைச் சேர்ப்பது பெரும்பாலும் இதனால்தான்.

ஹோஸ்ட்ஸ் ஃபைல் யோசனைதான் எங்களை எழுத வைத்தது. சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று போனால் கிடைக்கும் சின்ன ஃபைல் அது. ஒரு பெயருக்கு எதிரே 0.0.0.0 என்று எழுதினால் கணினி அந்தப் பெயரைத் தேடிப் போகாது. பத்து, ஐம்பது வரி என்றால் பழுதில்லை. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களோ பல்லாயிரம் வரிகள். விண்டோஸின் டிஎன்எஸ் கிளையண்ட் சேவை அவ்வளவையும் படித்து நினைவில் ஏற்ற வேண்டும். கணினியை ஏற்றும்போதும் நெட்வொர்க் மாறும்போதும் 'சர்வீஸ் ஹோஸ்ட்' என்ற பெயரில் சிபியு எகிறி நிற்பதை டாஸ்க் மேனேஜரில் பார்க்கலாம். அந்தச் சமயத்தில் எந்தத் தளமும் திறக்காது. 'டிஎன்எஸ் கிளையண்ட்டை நிறுத்திவிடு' என்பது பழைய நாள் வைத்தியம். விண்டோஸ் 10இலும் 11இலும் சர்வீசஸ் பட்டியலில் அந்தப் பொத்தான் மங்கிப்போய் அழுத்த முடியாதபடிதான் இருக்கும்.

0.0.0.0 இருக்க வேண்டிய இடத்தில் 127.0.0.1 என்று எழுதச் சொல்லும் குறிப்புகளும் நிறைய உலவுகின்றன. அது உங்கள் கணினியையே போய்க் கதவு தட்டச் சொல்வது. திறக்க ஆளில்லாத கதவை இரண்டு மூன்று தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் விண்டோஸ் திரும்பும், அதற்குள் பக்கம் காத்துக்கிடக்கும். நோட்பேடை 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறக்காமல் எழுதினால் சேமிக்க விடாது. வேறிடத்தில் சேமித்து நகர்த்தினால் பெயரின் வாலில் டெக்ஸ்ட் ஃபைலுக்கான ஒட்டு சேர்ந்துகொள்ளும். அது கண்ணுக்குத் தெரியாது, விண்டோஸும் அந்த ஃபைலைச் சட்டை செய்யாது. பட்டியலில் மைக்ரோசாஃப்டின் தகவல் சேகரிப்பு முகவரிகள் இருந்தால் 2020 முதல் விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டரே அதை 'ஹோஸ்ட்ஸ் கடத்தல்' என்று சொல்லி அழித்துவிடுகிறது. இவ்வளவு பாடுபட்டாலும் ஒரு டிராக்கருக்கு ஐம்பது துணைப்பெயர் இருந்தால் ஐம்பது வரி எழுத வேண்டும், ஒரே வரியில் அத்தனையையும் பிடிக்க வழியில்லை.

பிரவுசருக்கு வெளியிலும் தடுக்க வேண்டும் என்பவர்களுக்கு டிஎன்எஸ் வழிதான் சரி. அட்கார்டின் பொது டிஎன்எஸ் முகவரிகள் 94.140.14.14, 94.140.15.15. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், பிறகு உங்கள் வைஃபை அல்லது ஈத்தர்நெட்டின் ஹார்டுவேர் பிராப்பர்ட்டீஸ், டிஎன்எஸ் அசைன்மென்ட், எடிட், மேனுவல் என்று போய் நிரப்ப வேண்டும். கணினியின்மேல் ஒரு சுமையும் ஏறாது, தடுக்கும் வேலை வேறெங்கோ நடக்கிறது. அந்த சர்வர் தொலைவில் இருந்தால் ஒவ்வொரு புதுத் தளத்துக்கும் முதல் தடவை சிறு தாமதம் தெரியலாம், அவ்வளவுதான்.

இதில் பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. முதல் கட்டத்தில் 94.140.14.14, இரண்டாவதில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று கூகுளின் 8.8.8.8. இரண்டாவது முகவரி ஸ்டெப்னி டயர் அல்ல. முதலாவது பதில் தரச் சற்றுத் தாமதித்தாலும் கணினி இரண்டாவதிடம் போய்விடும், அங்கே விளம்பர முகவரிக்கும் தாராளமாக வழி சொல்வார்கள். 'சில நேரம் தடுக்கிறது, சில நேரம் தடுக்கவில்லை' என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. அடுத்து ஐபிவி6 எனப்படும் புதிய வகை இணைய முகவரி. நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் அது வந்துவிட்டது. பழைய வகையான ஐபிவி4 கட்டங்களை மட்டும் மாற்றிவிட்டு ஐபிவி6ஐ அப்படியே விட்டால் கணினி பின்வாசல் வழியாகப் பழைய டிஎன்எஸ்ஸிடமே கேட்கும். அதே சேவையின் ஐபிவி6 முகவரி இரண்டையும் அவர்கள் தளத்திலிருந்து எடுத்து நிரப்புங்கள். மூன்றாவது, பிரவுசருக்குள் 'செக்யூர் டிஎன்எஸ்' என்ற இடத்தில் வேறு நிறுவனத்தை எப்போதோ தேர்ந்திருந்தால் விண்டோஸில் செய்த மாற்றத்தைப் பிரவுசர் மதிக்காது. எல்லாம் மாற்றியபின் ஷட்டவுன் கொடுத்து எழுப்பாமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இருக்கும் கணினியில் ஷட்டவுன் என்பது பாதித் தூக்கம்தான்.

ரூட்டரிலேயே மாற்றினால் வீடு முழுவதற்கும் பொருந்தும். ஆனால் இணைப்புக் கம்பெனிகள் தரும் பெட்டிகள் சிலவற்றில் அந்த இடம் பூட்டியிருக்கும். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் பலகையில் பை-ஹோல் என்ற டிஎன்எஸ் தடுப்பு மென்பொருளை வைப்பவர்களுக்கு ஒரு சொல்: 512 எம்பி ரேம் போதும், பழைய மாடலே தாராளம். காசைப் பலகையில் போடுவதைவிட நல்ல மெமரி கார்டிலும் யுபிஎஸ்ஸிலும் போடுங்கள். பொசுக்கென்று கரண்ட் போனால் கார்டு கெடும், கார்டு கெட்டால் வீட்டில் யாருக்கும் நெட் வராது.

டிஎன்எஸ்ஸால் ஆகாத காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். யூடியூப் விளம்பரம் வீடியோ வருகிற அதே வாசலில் வருகிறது, பெயரை வைத்துப் பிரிக்க முடியாது. அதைப் பிரவுசருக்குள் இருக்கும் தடுப்பான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கூகுள் தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பை அழுத்தினால் 'தளம் கிடைக்கவில்லை' என்று வரும். அது பழுதல்ல, தடுப்பு வேலை செய்வதன் அடையாளம். வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபவர்களைப் போலி விளம்பரங்கள் காத்திருந்து பிடிப்பதை உங்கள் நாளிதழிலேயே அடிக்கடி படிக்கிறோம். தேடல் விளம்பரங்களில் ஆள்மாறாட்டம் நடப்பதால் தடுப்பான் வைத்துக்கொள்ளும்படி அமெரிக்காவின் எஃப்பிஐயே 2022 டிசம்பரில் அறிவுறுத்தியது.

கணினி முழுவதற்கும் விளம்பரம் தடுக்கும் டெஸ்க்டாப் மென்பொருட்கள் தனி வகை. பூட்டிய உறையாக வரும் பக்கத்தைத் திறந்து, விளம்பரத்தை நீக்கி, மறுபடி பூட்டித் தரும் வேலை அவற்றுடையது. ஆன்டிவைரஸின் வெப் ஷீல்டும் அதையே செய்தால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு தடவை பிரிபட்டு இரண்டு தடவை ஒட்டப்படும். இரண்டில் ஒன்றை அணையுங்கள். 'இலவச விபிஎன், விளம்பரமும் தடுக்கும்' என்பவற்றைத் தொடாமல் இருப்பதே மேல்.

தடுப்பான் சரியாக இருந்தும் திரையின் வலது கீழ் மூலையில் 'உங்கள் கணினியில் வைரஸ்', 'லாட்டரி விழுந்தது' என்று பெட்டி பெட்டியாக வருகிறதா? அது பக்கத்தில் வரும் விளம்பரமே அல்ல, நோட்டிஃபிகேஷன். ஏதோ ஒரு தளம் 'நீங்கள் ரோபோ இல்லையென்றால் அலோ அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கும், யாரோ அழுத்தியிருப்பார்கள். ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால் அது பிரவுசரின் சொந்த வாசல் வழியாக வரும், பக்கத்தைக் காவல் காக்கும் தடுப்பான் அங்கே போவதில்லை. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், அனுமதித்த தளங்களின் பட்டியலில் தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். மேலே 'யாரும் கேட்கவே வேண்டாம்' என்ற பொருளில் இருக்கும் தேர்வையும் போட்டுவிடுங்கள். 'சிஸ்டம்' பகுதியில் குரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஓட அனுமதிக்கும் ஒரு பொத்தான் இருக்கும், அதை அணையுங்கள். எட்ஜில் அதோடு 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்' என்பதையும் அணைக்கலாம். பழைய கணினியில் இந்த இரண்டு மூன்று பொத்தான்களே பாதி வைத்தியம். விண்டோஸ் தன் பங்குக்கு ஸ்டார்ட் மெனுவிலும் லாக் ஸ்கிரீனிலும் காட்டும் 'பரிந்துரை'களைப் பர்சனலைசேஷன் பகுதியில் நிறுத்திக்கொள்ளலாம்.

மந்தத்துக்கு யார் காரணம் என்று ஊகிக்கத் தேவையில்லை, பார்த்துவிடலாம். குரோமில் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் பிரவுசரின் டாஸ்க் மேனேஜர் வரும். ஒவ்வொரு டேப்பும் எக்ஸ்டென்ஷனும் எவ்வளவு ரேம், எவ்வளவு சிபியு எடுக்கிறது என்பது வரிசையாகத் தெரியும். ஃபயர்பாக்ஸில் மெனு, மோர் டூல்ஸ், டாஸ்க் மேனேஜர். ஒரே ஒரு செய்திப் பக்கத்தைத் தடுப்பானோடும் இல்லாமலும் திறந்து இரண்டு எண்களையும் எழுதி வைத்துப் பாருங்கள்.

பணம் கட்டும் பக்கம் பாதியில் நின்றால் யூபிளாக் ஆரிஜினின் பெரிய பவர் பொத்தானை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் அணைத்துப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். அப்போதும் நின்றால் டிஎன்எஸ்ஸைச் சந்தேகிக்கலாம். வைஃபையை விட்டுச் செல்போன் டேட்டாவில் அதே பக்கம் திறக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பணப் பரிமாற்றம் பாதி நடந்திருக்கும்போது மட்டும் இந்தச் சோதனை வேண்டாம், இரண்டு தடவை பணம் போய்விடும்.

விளம்பர வருமானம் இல்லாமல் நாளிதழ் நடக்காது என்பதை அறிவோம். எங்களுக்கும் அதில் வருத்தம் உண்டு. உங்கள் இணையப் பதிப்பை வாசகர்கள் பவர் பொத்தானில் அனுமதிக்கலாம்தான், ஆனால் அனுமதித்தால் கடை விளம்பரத்தோடு டிராக்கர் கூட்டமும் சேர்ந்தே நுழைகிறது. உங்கள் சொந்த சர்வரிலிருந்து, யாரையும் பின்தொடராமல், வெறும் படமாக வரும் ஜவுளிக்கடை விளம்பரம் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் மாட்டாது. படங்களைப் போடும் ஃபோல்டருக்கு மட்டும் 'ஆட்ஸ்' என்று பெயர் வைத்துவிடாதீர்கள், ஈசிலிஸ்ட்டின் பொது விதி அந்தப் பெயரைப் பார்த்தே பிடித்துவிடும்.

முந்தைய யோசனைப்படி ஏற்கெனவே செய்துவிட்டவர்களுக்காக இதையாவது வெளியிட வேண்டுகிறோம். முதலில் ஹோஸ்ட்ஸ் ஃபைலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, # குறியில் தொடங்கும் வரிகளையும் நீங்களே வேறு தேவைக்கு எழுதிய வரிகளையும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் அழித்துச் சேமியுங்கள். முழுக்கக் காலியாக இருந்தாலும் விண்டோஸுக்குப் பாதகமில்லை. பிறகு எக்ஸ்டென்ஷன் பட்டியலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற தடுப்பான்களை 'ரிமூவ்' செய்யுங்கள். வெறுமனே அணைத்து வைத்தால் என்றாவது ஒருநாள் வீட்டில் யாராவது போட்டுவிடுவார்கள். கடைசியாக ரீஸ்டார்ட்.

இப்படிக்கு,
வீட்டுக் கணினிப் பழுதுநீக்குநர்கள் சிலர்,
மதுரை